நினைவு மலரில் வந்துவிட்ட கட்டுரை

எதிலும் எனக்கு முந்திப் போகிற என் மச்சான் பரமுவுக்கு,

போவதிலும் முந்திவிட்டாய். என்னைவிட இரண்டு வயது இளையவன் நீ. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

எங்கள் ஆய்விதழின் இந்த இதழில் உன் கட்டுரை வரவில்லை. அது வந்திருக்க வேண்டிய பக்கங்களில் இந்தக் கடிதம் வருகிறது. வாசகர்களும் பக்கத்தில் இருந்து கேட்கப் போகிறார்கள், கேட்கட்டும். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை உன் நினைவு மலரில் எழுதி முடித்துவிட்டேன். இது பொறாமையில் எழுதுகிற கடிதம்.

யாழ்ப்பாணத்தில் நாம் இருவரும் ஒரே துறையில் புவியியல் படிப்பித்தோம். மாணவர்கள் உன் வகுப்புக்குச் சுவரோடு ஒட்டி நின்று கேட்டார்கள். என் வகுப்பில் கதிரைகள் எப்போதும் தாராளம். என் தங்கை பவானியைக் கட்டினாய், அன்றிலிருந்து அவளும் உன் கட்சி. நான் ஏதாவது சொன்னால் "அவர் அப்படிச் சொல்லேல்லையே அண்ணா" என்பாள். சுவிஸுக்கு வந்த பிறகாவது தப்பினேன் என்று நினைத்தேன். நான் பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில், நீ சூரிச்சில் ஓர்லிகோனில். இடையில் ஒன்றேகால் மணி நேர ரயில். பொறாமைக்கு அது போதுமான தூரம்.

பிறகு பி பெர்மிட் என்கிற வதிவிட அனுமதி கையில் கிடைத்ததும் நீயும் ஓஸ்டர்முண்டிகனுக்கே வந்து சேர்ந்தாய். "ஸ்பிட்டாலில வேலை சரி வந்திட்டுது மச்சான், வாறன்" என்று டெலிபோனில் சொன்னாய். அதே ஆஸ்பத்திரியில் நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ பழைய கோப்புகள் வைக்கிற பகுதியில், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, கதிரையில் இருந்து செய்கிற வேலையில் இருந்தாய். நான் வாளியோடு போகும்போது கண்ணாடிக்குள் இருந்து கை காட்டுவாய். அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பற்றி எரியும், தெரியுமா உனக்கு?

வந்த கையோடு இதழைத் தொடங்கினாய். தமிழில் ஓர் ஆய்விதழ், அதுவும் கோப்பை கழுவுகிற, நிலம் துடைக்கிற மனிதர்கள் எழுதி, எங்கள் கட்டடத்து வொஷ்கூஹே என்கிற சலவை அறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே வைத்துப் பக்கம் அடுக்கி. விதிகளையும் நீதான் போட்டாய். கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் பெயர் தெரியக்கூடாது. வேறு எங்கேயாவது அச்சில் வந்ததை நாங்கள் போடக்கூடாது. வேலை செய்யாதவன் பெயர் கட்டுரையில் ஏறக்கூடாது. முடிவுக்கு ஒத்துவராத தகவலை மறைக்கக்கூடாது. ஊரில் உன் முதல் ஆய்வில் பேராசிரியர் தன் பெயரை மேலே ஏற்றி உன் பெயரைக் கீழே தள்ளிய கதை எனக்குத் தெரியும். அதனால் உன் விதிகளைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு விதியைப் பார்த்துச் சிரித்தேன். ஆசிரியர் குழுவில் இருக்கிற நாங்களே கட்டுரை எழுதினால் அதைக் கல்யாணியிடம் மட்டும் கொடுக்க வேண்டும், ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடக்கூடாது என்றாய். கல்யாணி எங்கள் மூன்றாவது ஆசிரியர். தமிழ்நாட்டுப் பிள்ளை, சூரிச்சில் ஆராய்ச்சி செய்கிறாள், எங்கள் சண்டை எதிலும் பங்கில்லாதவள். "மச்சானும் மச்சானும் ஒளிச்சு விளையாடுறமோ?" என்று கேட்டேன். "ஓம், விளையாடத்தான் வேணும்" என்றாய். அப்படித்தான் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்துகொண்டு, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டு, நாம் இருவரும் ஒரே விஷயத்தை ஆராய்ந்திருக்கிறோம்.

அதை நான் அறிந்துகொண்டது உன் முப்பத்தோராம் நாள் காரியத்தில்.

பவானி எல்லாம் முறைப்படி செய்தாள். தேவாலயத்துப் பக்க மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஐயரைக் கூப்பிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் கையிலும் நினைவு மலரைக் கொடுத்தாள். அட்டையில் குத்துவிளக்கு, உன் படம். உள்ளே தேவாரம், உன் வாழ்க்கை வரலாறு, என் இரங்கலுரை. அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினால், "சுவிஸில் தமிழர் குடியேறும் முறை: ஓர் ஆய்வு"! நினைவு மலரில் ஆய்வுக் கட்டுரையை எங்கே கண்டோம்? பாயசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் சனம் ஊர் பார்த்துச் சேர்ந்து குடியிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை என்று நீ காட்டியிருந்தாய். முதல் வேலையை எடுத்துக் கொடுத்தவர் எங்கே இருக்கிறாரோ, அவரைச் சுற்றித்தான் வீடுகள் சேர்கின்றன. அவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஓர்லிகோனிலும் ஓஸ்டர்முண்டிகனிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தாய். பரமு, அதையேதான் நான் எங்கள் பெரியம்மா இருக்கிற எம்மன்புரூக்கே ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் போய், அவர் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு, கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் கட்டுரையில் முடிவுரை மட்டும்தான் பாக்கி.

அழ வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டி, "மனதைத் தேற்றுங்கோ மாஸ்டர்" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

"ஏன் பவானி இதைப் போட்டனி?" என்று கேட்டேன்.

"பிரஸ்காரர் நாலு பக்கம் மிஞ்சுது எண்டார் அண்ணா. தேவாரம் இன்னும் போடவோ எண்டு கேட்டார். அவர் கடைசியா எழுதினது இதுதானே, நான்தானே டைப் பண்ணினனான். நன்றி நவிலலுக்கு முன்னாலை போட்டிட்டன். வடிவா வந்திருக்கு, என்ன?"

வடிவாகத்தான் வந்திருந்தது. பொறாமையில் அதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் கல்யாணி போன் பண்ணினாள். நீ அவளிடம் கட்டுரையை எப்போதோ கொடுத்திருக்கிறாய். மதிப்பிட்ட இருவரும், யார் எழுதியது என்று தெரியாமலே, அப்படியே போடலாம் என்று எழுதியிருக்கிறார்களாம். "இவ்வளவு பாராட்டி ஒரு ரிப்போர்ட் நம்ம இதழுக்கு வந்ததே இல்ல சார்" என்றாள். என் முதல் கட்டுரை இரண்டு தரம் திரும்பி வந்ததை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

உடனே அவளிடம் நினைவு மலர் விஷயத்தைச் சொன்னேன். கடமை உணர்ச்சியில் சொன்னேன் என்று நினைக்காதே. வேறு எங்கேயாவது அச்சில் வந்ததைப் போடக்கூடாது என்பது உன் விதி. உன் விதியாலேயே உன்னைப் பிடித்துவிட்டேன் என்ற அவசரத்தில் சொன்னேன்.

டெலிபோனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நினைவு மலர் ஒரு வெளியீடு என்றால் உன் கட்டுரை இதழில் வராது, ஆனால் கண்டுபிடிப்பை முதலில் அச்சில் சொன்னவன் நீயாகிறாய். வெளியீடு இல்லை என்றால் இதழில் வரும், அப்போதும் முதலில் சொன்னவன் நீ. செத்த பிறகும் ஒருவன் இப்படி இரண்டு பக்கத்தாலும் வெல்வானா?

பவானி தன் பங்குக்கு ஒரு வழி சொன்னாள். "நீங்கள் எம்மன்புரூக்கேயில செய்ததையும் சேர்த்து, உங்கட பேரையும் போடுங்கோ. தலைப்பையும் மாத்தினா அது புதுக் கட்டுரைதானே? அவரின்ர பேரும் இதழில வரும், உங்கட வேலையும் வீணாப் போகாது." பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அகரவரிசையில் போட்டால் கனகசபை முதலில், பரமேஸ்வரன் பிறகு. வாழ்நாளில் ஒரு தரமாவது உன் பெயருக்கு மேலே என் பெயர்! ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. அந்தப் பேராசிரியருக்கும் இப்படித்தான் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது தாளைக் கிழித்துப் போட்டேன்.

கல்யாணிக்கு மறுபடி போன் பண்ணி, "இதை நான் முடிவெடுக்கக் கூடாது பிள்ளை. நான் அவனுக்கு மச்சான், அவனோட போட்டிக்காரன், இப்ப பொறாமைக்காரனும். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் சொன்னாள்: "மண்டபம் நிறைய பேர் கையில குடுத்திருக்காங்க சார். அச்சாகி வெளிய போயாச்சு. அது பப்ளிகேஷன்தான். அவர் போட்ட ரூல், அவருக்கே தளர்த்த முடியாது. நம்ம இதழ்ல வராது. ஆனா உங்க கட்டுரை வரணும்னா, அதுல முதல் மேற்கோள் அந்த நினைவு மலர்தான்."

அவள் சொன்னது சரி. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம் கொஞ்சம் கூட.

"இன்னொண்ணு சார். மதிப்பிட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கார். ஓஸ்டர்முண்டிகன்ல ஒரு வீடு மட்டும் இந்த முறைக்கு ஒத்துவரலைன்னு அடிக்குறிப்புல இருக்கு. வேலை குடுத்தவரை விட்டுட்டு, வேலையே இல்லாத இடத்துக்கு வந்த குடும்பம். ஏன் வந்தாங்கன்னு கேக்கறார். பதில் சொல்ல அவர் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சா உங்க கட்டுரையில சொல்லுங்களேன்."

எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு ஓட்டை கிடைத்தது என்று உள்ளுக்குள் துள்ளினேன். அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போய்க் கேட்டு, பரமு விட்ட இடத்தை நான் அடைத்தேன் என்று எழுதலாம் அல்லவா? நேரே பவானியிடம் போனேன். அவள் சமையலறையில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓஸ்டர்முண்டிகனில் அப்படி வந்த குடும்பம் எது, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது எங்கட வீடு அண்ணா."

"விசர்க் கதை கதைக்காதை. அவன் ஸ்பிட்டால் வேலைக்கு எண்டெல்லோ வந்தவன்?"

"அப்ப ஒரு வேலையும் இல்லை. உங்களுக்குச் சும்மா சொன்னவர். ஓர்லிகோனில ரெஸ்டோரண்ட்காரர் அவரைக் கோப்பை கழுவுறதில இருந்து சமையலுக்கு ஏத்துறம் எண்டவை. விட்டிட்டு வந்தவர். பிறகு எத்தினை மாசம் காலமை வெளிக்கிட்டு, வேலைக்குப் போற மாதிரி பஸ் ஏறினவர். நீங்கள் கேட்டா ஸ்பிட்டாலில வேற கட்டடத்தில வேலை எண்டுவார். ஸ்பிட்டால் வேலை அதுக்குப் பிறகுதான் கிடைச்சது."

"ஏன் வந்தவன்?"

"நீங்கள் டெலிபோனில சொன்னியள், இனி எனக்கென்ன படிப்பு, புத்தகங்களையும் பெட்டியில போட்டுக் கட்டிட்டன் எண்டு. அடுத்த நாள், 'உன்ர கொண்ணனைத் தனிய விட ஏலாது, அங்க போவம்' எண்டார். உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவர். இப்ப சொல்லிட்டன்."

வெங்காயம் வெட்டுகிற வீட்டில் அழுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

கண்ணாடிக்குள் இருந்து கை காட்டினாயே, பரமு. அதைப் பெருமை என்று நினைத்து எத்தனை நாள் எரிந்திருக்கிறேன். இதழும் எனக்காகத்தானா? மூச்சு விடக்கூடாது என்ற அந்த விதியும், நீ என்ன எழுதுகிறாய் என்று தெரியாமல் நானாக எழுத வேண்டும் என்றுதானா? கேட்டால் சிரித்து மழுப்பியிருப்பாய். மற்றவன் என்றால் தன் வீட்டைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருப்பான். நீ ஒத்துவராத வீடு என்று அடிக்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். காரணத்தை மட்டும் எழுதவில்லை.

சரி, இப்போது என் பொறாமையைக் கேள். எனக்காக ஒருவன் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். யாருக்காகவாவது நான் அப்படி ஒன்றைச் செய்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இதிலும் நீ முந்திவிட்டாய். முன்னையதெல்லாம் ஒன்றுமில்லை, இதுதான் உண்மையில் தாங்க முடியாத பொறாமை.

அடுத்த இதழுக்கு என் கட்டுரையைக் கல்யாணியிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் அச்சேறுவதற்கு முன்பே, என் பெயர் தெரியாத இருவர் அதை மதிப்பிடுவார்கள், திருப்பி அனுப்பினால் திருத்துவேன். முதல் வரியில், இதை எனக்கு முன் கண்டவர் பரமேஸ்வரன் என்று எழுதியிருக்கிறேன். முதல் மேற்கோள், குத்துவிளக்கு அட்டை போட்ட உன் நினைவு மலர். அதைத் தேடிப் பிடிக்கிற எவனும் உன் கட்டுரைக்கு முந்தின பக்கத்தில் என் இரங்கலுரையையும் பார்ப்பான். அந்த அளவுக்காவது உன் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறேன். பவானியிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகு. வேலைக்காக இல்லாமல் ஓர் ஆளுக்காக இடம் மாறிய வீடு அது என்று மட்டும். அந்த ஆள் யார் என்று கட்டுரையில் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிட்டேன். இனி ஒரு வாக்கு. பவானியை நான் பார்த்துக்கொள்வேன், அது நீ கேட்காமலே நடக்கும். வாக்கு வேறு. அந்தப் புத்தகப் பெட்டியை நான் இனி ஒருபோதும் கட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
ஒத்துவராத அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன்,
உன் மச்சான் கனகசபை