பக்கத்து இருக்கை பிரேக்

அன்பு மகனுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தியும் அதே போல, சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சௌக்கியமாக இருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்கு எங்கே தனியாகப் பேச வாய்க்கிறது, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு, மாநாட்டுக்குத் தலைமை தாங்குகிற மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். இந்தக் கடிதத்தையும் அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முன்பென்றால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, இங்கே ஒரு ஒற்று விட்டுப்போச்சு பாரு என்று என் உயிரை வாங்குவார். இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று, நீ எங்களுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன மின்சாரக் காரை வாங்காதே. சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

புத்தாண்டு அன்று நீ போன் செய்து, இந்த வருஷத்திலிருந்து எங்க வீட்டில் எல்லாம் மாறப் போகுது என்று ஆரம்பித்தாயே, துணிப்பை, கண்ணாடிப் பாட்டில், ஈரக் குப்பை தனி உலர்ந்த குப்பை தனி, பக்கத்தில் போவதற்கெல்லாம் காரை எடுக்கக் கூடாது என்று. பேத்தி பின்னாலிருந்து தாத்தா ஸ்ட்ரா வேணாம், ஸ்ட்ரா வேணாம் என்று கத்தினாள். நாங்கள் என்றைக்கு ஸ்ட்ரா வைத்துக் குடித்தோம் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது உன் அப்பா சட்டென்று, நல்ல விஷயம்டா, நாங்களும் இன்னையிலேருந்து காரை எடுக்கப் போறதில்ல, ஊருல புகை தாங்கல என்றார். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய், நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன் இப்படி ஒரு முடிவு எடுக்கிறதுன்னா சும்மாவா என்று. நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சொன்னதோடு விட்டாரா, காரை நிறுத்தினவர் மற்றதையும் செய்தால்தானே நம்புவார்கள் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். அவருடைய பழைய காக்கிக் கால்சட்டையை வெட்டிப் பை தைத்துத் தரச் சொன்னார். தைத்தேன், ஆனால் ஜிப்பைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன். காய்கறிக் கடைக்காரம்மா தக்காளியைப் போடும்போதெல்லாம், வாத்தியாரே, ஜிப்பைப் போடவா என்று கேட்டுச் சிரிக்கிறாள். பையை மறந்துவிட்டுப் போனால் பாதி வழி திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகிறார், அவள் நீட்டுகிற பிளாஸ்டிக் பையைத் தொட மாட்டார். கொல்லையில் ஒரு தொட்டியில் காய்கறித் தோலும் டீத்தூளும் மக்குகிறது, தினமும் காலையில் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, இன்னும் ரெண்டு வாரம் ஆகும் என்று எனக்கு அறிக்கை கொடுக்கிறார். மாடி வீட்டு வங்கி மேலாளர் பாட்டிலையும் சோற்றையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறார் என்று படிக்கட்டில் காத்திருந்து பிடித்துப் பாடம் எடுத்தார், அந்த மனிதர் இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை போல இறங்கிப் போகிறார். பாவமாக இருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா, நீங்கள் போனில் பெரிதாகப் பட்டியல் போட்டதில் பாதி நம் வீட்டில் நடந்ததுதான். உன் சின்ன வயது ஸ்வெட்டரை ஒவ்வொரு குளிருக்கும் பிரித்து, அளவு கூட்டி, திரும்பப் பின்னினேனே, நினைவிருக்கிறதா? நூல் போதாமல் ஒரு வருஷம் ஒரு கை மட்டும் பச்சையாகிப் போய், எல்லாரும் கிளின்னு கூப்பிடறாங்க என்று அழுதுகொண்டு வந்தாய். முந்தின வருஷக் காலண்டர் தாளில் உன் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டோம், எண்ணெய்க்குப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று யாருக்கும் தெரியாது, இருந்ததை வைத்து ஓட்டினோம், அவ்வளவுதான். இப்போது துணிகளைக் கொடியில் போடும்போது அந்தப் பச்சைக் கை ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது. இப்போது துணி சொட்டுகிற சத்தம் கூடக் கேட்கிறது.

சரி, காருக்கு வருகிறேன். அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அப்பா ஓட்டிய அதே கார் என்பது உனக்குத் தெரியும். பள்ளியை மூடியபோது அதை நாமே எடுத்துக்கொண்டோம். பழகுபவர் பக்கம் ஒரு பிரேக், சொல்லித் தருபவர் பக்கம் ஒரு பிரேக். வீட்டுக்கு வந்த பிறகு இந்த ரெண்டாவதைக் கழட்டிடலாமே என்று மெக்கானிக் கேட்டதற்கு, இருக்கட்டும், கூடப் பொறந்தது என்றார் உன் அப்பா. அந்தப் பக்கத்து இருக்கையில்தான் நான் இத்தனை வருஷமாக உட்கார்ந்து வருகிறேன். முதல் தடவை ஏறியபோதே அவர் எனக்குச் சொன்ன ஒரே சட்டம், அந்த பிரேக்குல கால் வைக்காதே, அதை மிதிச்சா பக்கத்துல ஓட்டறவனுக்கு இன்னும் வண்டி வரலேன்னு அர்த்தம் என்பதுதான். நான் காலைப் பின்னால் மடக்கியே உட்கார்ந்து பழகிவிட்டேன், அடுத்தவர்கள் காரில் போனாலும் அப்படித்தான். பயிற்சிப் பள்ளி நடந்த காலத்திலேயே, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் அந்தக் காரில்தான். கூரை மேலிருந்த பழகுநர் பலகையைக் கழற்றாமலே வந்தார், அதைப் பார்த்தாத்தான் எல்லாரும் பயந்து ஒதுங்குவாங்க, குழந்தை குலுங்காம வரும் என்று. பிறகு பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்தப் பலகையைப் பார்த்து வெட்கப்பட்டு நீ முனையிலேயே இறங்கிக்கொள்வாய். அவர் அங்கேயே நிறுத்தி, நீ வாசலுக்குள் போகிற வரை பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். உனக்கு அது தெரிந்திருக்காது, நீ ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

புத்தாண்டுக்கு முந்தின வாரம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம், நல்ல வெளிச்சம், கூட்டமும் இல்லை. தபால் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். எனக்குத் தெரிகிறது, அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைப்பார், குறைப்பார் என்று பார்க்கிறேன், ஏதோ பேசிக்கொண்டே ஓட்டுகிறார். என் கால் தானாகப் போய் மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது, அந்தப் பெண் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உன் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தார். நான் காலை எடுத்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மெதுவாக, முதல் நாள் பழக வந்தவரைப் போல, வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவ்வளவுதான்.

இதற்கு மேலும் உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பயப்படாதே, முழுசாக இருட்டிவிடாது என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஓரமெல்லாம் தெரிகிறது, நேரே பார்க்கிற இடத்தில் மட்டும் கலங்கலாக ஒரு திட்டு. கண்ணாடி மாற்றிப் பயனில்லை, ஊசி போட்டால் மேலும் பரவாமல் பிடித்து நிறுத்தலாம், போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வண்டி ஓட்டக் கூடாது என்று மழைக்காலத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன், எதற்கும் அசையவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார், வேலையைப் போட்டுட்டு ஓடி வருவான் என்று. இந்த வீட்டில் இப்போது கண் என்ற சொல்லே கிடையாது. உன்னைக் கண்ணு என்று கூப்பிட வாய் வந்தால் கூட முழுங்கிவிட்டுத் தம்பி என்கிறேன், போன மாதம் நீயே கேட்டாயே, என்னம்மா புதுசா தம்பி என்று.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் புத்தாண்டு அன்று நீ ஒரு வழி கொடுத்தாய், தெரியாமலே. பார்வை போனதால் காரை விட்டார் என்றால் ஊரில் நாலு பேர் வந்து உச்சுக்கொட்டுவார்கள், அவரிடம் பழகியவர்கள்தானே இங்கே பாதிப் பேர். புகைக்காக விட்டார் என்றால் மரியாதை. நானும் அதே வழியில் நடக்கக் கற்றுக்கொண்டேன். கரண்ட் மிச்சம் என்று இவர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முக்காலியில் முட்டிக்கொண்டு நின்றார், அதனால் வீடு முழுக்க நல்ல வெளிச்சமான எல்இடி பல்பு மாட்டி, இது ரொம்பக் குறைச்சலாத்தான் இழுக்கும், எரிய விடலாம் என்று சொல்லிவிட்டேன். மரத்தை வெட்டித்தானே காகிதம் என்று பேப்பரை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்கிறோம். கடைக்கு நடந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார், எனக்கு மூட்டு வலி, அதனால் பிடித்துக்கொள்வதாகக் கடைக்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு மூட்டும் வலிக்கவில்லை. கல்யாணமான புதிதில் கார் வருவதற்கு முன்னால் இப்படித்தான் நடந்தோம், அப்போது வெட்கப்பட்டுக் கையை விடுவித்துக்கொள்வேன். இப்போது விடுவதில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் கூட இருக்கிறது, இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் நீ ஞாயிற்றுக்கிழமை, அப்பா, புகையே விடாத மின்சாரக் கார் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், இனிமே ஒரு கவலையும் இல்லாம ஓட்டுங்க என்றாய். அவர் ரொம்ப சந்தோஷம்டா என்றார், அப்படித்தானே உனக்குக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டு நேரே போய் நம் பழைய காரில், ஓட்டுகிற பக்கம் இல்லை, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் போய்க் கூப்பிட்டதற்கு, காத்து வாங்கறேன் என்றார். கதவெல்லாம் மூடியிருந்தது. உன் மேல் தப்பே இல்லையப்பா, நல்ல மனசோடுதான் செய்கிறாய். ஆனால் அந்தக் கார் வாசலில் வந்து நின்றால் அவருக்குச் சொல்ல ஒரு காரணமும் மிஞ்சாது. ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், எதைச் செய்வாரோ, எனக்குத் தெரியவில்லை. அதனால் நீயாகவே போன் செய்து, அப்பா, விசாரிச்சுப் பார்த்தேன், அந்த பேட்டரி செய்யறதுக்குப் பூமியை ரொம்பத் தோண்டறாங்களாம், இப்போ வேணாம் என்று சொல்லிவிடு. வருத்தமாகச் சொல். காருக்குப் பதிலாக லீவு கிடைக்கும்போது நீயே வந்து, காய்கறிக் கடை வரைக்கும் அவரோடு ஒரு தரம் நடந்துவிட்டு வா.

இந்த இடம் வரை எழுதிவிட்டு முடிக்கலாம் என்று நிமிர்ந்தேன். உன் அப்பா எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என்ன, பேனா நின்னுடுச்சு, சௌக்கியம் விசாரிக்க இத்தனை பக்கமா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காரு வேணாம்னு எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிட்டேன் என்றேன். ஏன் வேணாம்னும் எழுதிடு, பிள்ளைகிட்ட எத்தனை நாளைக்கு மறைக்கறது, இனிமே அந்த பிரேக்கை நீயே வெச்சுக்கோ என்றார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் எழுதச் சொன்னேன்னு மட்டும் எழுதிடாதே என்றார். அதனால் தம்பி, நான் மேலே சொன்ன பேட்டரிக் கதையையே நீ போனில் சொல்லு. அவர் நம்புகிற மாதிரி கேட்டுக்கொள்வார், நீயும் நம்பிவிட்ட மாதிரி பேசு.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பேத்திக்கு, தாத்தா ஸ்ட்ரா வாங்கவே இல்லை என்று சொல். நீயும் வருஷத்துக்கு ஒரு முறை பார்வையைப் பரிசோதித்துக்கொள், இது அப்பா வழியில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார், மறக்காதே. எங்கே இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருமாக வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா எழுத வேண்டாம் என்றதையும் சேர்த்து எழுதிய,
அம்மா