பெரியவ அளவுல தைச்ச சூட்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் உங்கப்பாவும் சாப்பிடுறோம், தூங்குறோம், நடமாடுறோம், இதுக்குப் பேர் நலம்னா நாங்க நலம். நீ இருமல் ஜலதோஷம் இல்லாம இருக்கியான்னு முதல்ல எழுது. போன்ல நீ பேசினதிலிருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல. கடையில இருக்கிறதிலேயே சின்ன டைவிங் சூட்டை வாங்கினேம்மா, அதுவும் ஆம்பளைங்க அளவு, இடுப்புல தொளதொளன்னு நிக்குது, கடலுக்குள்ள குனிஞ்சா கழுத்து வழியாத் தண்ணி புகுந்து முதுகெல்லாம் ஓடுது, மேல வந்தா பல்லு தந்தியடிக்குதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. நான் வேலையை விட்டுட்டு வந்து சேருடின்னு கத்திட்டு போனை வச்சுட்டேன். ஒருத்தியைத் தண்ணிக்குக் கொடுத்தவகிட்ட இன்னொருத்தி குளிருதுன்னு சொன்னா வேற என்னடி சொல்லுவேன்.

உங்கப்பா அன்னைக்கு முழுக்க என் மூஞ்சியைப் பார்க்கல. கடைசியில, அவ விடப் போறதில்ல, குளிராமலாவது இருக்கட்டும்னு மட்டும் சொன்னார். அவர் வாயைத் திறக்கிறதே அபூர்வம், திறந்தா இப்படித்தான் நடு மண்டையில போடுவார். அப்புறம்தான் பீரோ மேல இருந்த பையை இறக்கினேன். எந்தப் பைன்னு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில உங்கக்கா உடம்புலேருந்து கத்தரியால வெட்டி எடுத்த சூட்டைப் போட்டுக் கொடுத்தாங்களே, அதுதான். நெஞ்சுலேருந்து வயிறு வரைக்கும் ஒரே வெட்டு. முழங்கால்ல அவளே பசை வச்சு ஒட்டின ஒட்டு, கோணலா, அவ ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற லட்சணத்துல. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் தாங்கல. கப்பல் அடியில ஒட்டின சிப்பியைச் சுரண்டப் போனவ, கயிறு சிக்கி, சாயங்காலம் இறங்கினவளை விடிஞ்ச பிறகுதானே மேல கொண்டு வந்தாங்க. அவ்வளவு நேரம் அந்தத் தண்ணியில என் குழந்தை எப்படி நடுங்கினாளோன்னு, அது ஒண்ணுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருந்தது. அன்னையிலிருந்து நான் போர்வை போர்த்திக்கிறதில்ல. உங்கப்பா கேட்டா புழுக்கமா இருக்குன்னு சொல்லுவேன், மார்கழிக் குளிர்லகூட.

அந்தப் பையோட, அவளுக்கு சூட் தைச்சுக் கொடுத்தவர்கிட்டயே போனோம். பையைப் பிரிச்சவர் எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்னவளுக்கும் இதே உயரம் இதே தோள், இடுப்புதான் ஒரு சுத்து கம்மின்னு சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன், கேட்டுக்கோ. கதகதப்பு ரப்பரோட தடிமன்ல மட்டும் இல்லையாம். உள்ள கொஞ்சம் தண்ணி புகத்தான் செய்யும், அதை உடம்பு சூடாக்கி வச்சுக்கும், சூட் தொளதொளன்னு இருந்தா அந்தச் சூடான தண்ணி ஓடிப்போயி புதுசா பச்சைத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். உன்னை மாதிரி ஒடிசலான பொண்ணுங்களுக்கு முதுகுக் குழி, அக்குள், பிடரி இந்த இடங்கள்லதான் இடைவெளி விழுமாம். சொல்லிக்கிட்டே அக்கா சூட்டைத் தையல் தையலாப் பிரிச்சு மேஜையில பரப்பினார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உங்கப்பா எழுந்து வெளிய போயிட்டார். நான் உக்காந்து பார்த்தேன், யாராவது ஒருத்தர் அவகூட இருக்கணும் இல்லையா. அதுமேல காகிதம் வச்சு வரைஞ்சு, இடுப்புல உனக்காகக் குறைச்சு, புதுசு தைச்சார்.

தைச்சு முடிச்சதும் யாராவது போட்டுப் பார்க்கணும்னார். உன் அளவுல அங்க யாரு இருக்கா, நான்தான். அவர் சம்சாரம் என்னை உள்ள கூட்டிட்டுப் போயி, மூச்சை இழுங்கம்மா, இன்னும் இழுங்கம்மான்னு தலையணைக்கு உறை போடுற மாதிரி திணிச்சாங்க. வயிறு மட்டும் ஒத்துக்கல. வெளிய வந்து நின்னப்ப உங்கப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சார்டி, சத்தமா, அவ போன பிறகு முதல் தடவை. பின்கட்டுல இருந்த தண்ணித் தொட்டியில கழுத்து வரைக்கும் இறக்கினாங்க. விரலை வச்சா விறைச்சுப் போற தண்ணி. பிடரி வழியா ஒரு கோடு உள்ள இறங்கினதும் அம்மான்னு கத்திட்டேன். அப்புறம் கொஞ்ச நேரத்துல அந்தத் தண்ணியே வெதுவெதுன்னு ஆயிடுச்சு. முதுகு, நெஞ்சு, எல்லா இடமும். கைவிரல்தான் மரத்துப் போச்சு, உடம்பு கதகதன்னு இருந்தது. ஏறி வாங்கன்னு எல்லாரும் கூப்பிடுறாங்க, நான் வரமாட்டேன்னு அங்கேயே நின்னு அழுதேன்.

சூட்டை அனுப்பியாச்சு. வந்ததும் போட்டுப் பாரு. கையைத் தூக்கு, குந்தி உக்காரு, நல்லா குனி, முதுகுக் குழியில விரல் போற இடைவெளி இருந்தா திருப்பி அனுப்பு. வெளிய இருக்கிறப்ப இறுக்கமாத்தான் இருக்கும், தண்ணியில சரியாயிடும், ஆனா மூச்சு முட்டக் கூடாது. நகத்தால இழுக்காதே, வெயில்ல காயப்போடாதே. அந்த ஆம்பளை சூட்டை யார்கிட்டயாவது தூக்கிக் கொடுத்துடு. தனியா இறங்காதே, கயிறு இருக்கிற பக்கம் போகாதே, போனாலும் என்கிட்ட சொல்லாதே. வேலையை விட்டுட்டு வான்னு இனிமே நான் சொல்லமாட்டேன், மனசுக்குள்ள மட்டும் சொல்லிக்கிறேன், அதுக்கு நீ கோவிச்சுக்க முடியாது.

நீ நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும், நாங்க போன பிறகும் இருக்கணும், அதுதான்டி வரிசை. நேத்து ராத்திரி போர்வையை எடுத்துப் போர்த்திக்கிட்டேன். உங்கப்பா பார்த்துட்டு விளக்கை அணைச்சார். உங்கக்காவுக்குக் குளிரல, அந்தத் தொட்டியில நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ இந்தத் தொழில்ல இருக்கிறவ, என்னைவிட உனக்கு நிறையத் தெரியும். அது அப்படி இல்லம்மான்னு மட்டும் பதில்ல எழுதிடாதே.

ஆசீர்வாதத்துடன்,
உங்க ரெண்டு பேரோட அம்மா