நாற்பதாவது எண்

7.10.1985
மெய்யெண் பகுப்பாய்வு: 22. தேற 35 வேண்டும். இரண்டாம் முறை தோற்றிருக்கிறேன். தபால் வழி பி.எஸ்ஸி.யில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. ஏப்ரலில் கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் பதிவு ரத்து. முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். எங்கே தப்பு?

9.11.1985
சேலத்தில் தொடர்பு வகுப்பு. விரிவுரையாளர் அமீருன்னிசாவுக்கு என் மகள் வயதிருக்கும். என் நோட்டைப் புரட்டினார். 'நிறுவுக' என்ற இடத்திலெல்லாம் நான் மூன்று உதாரணம் எழுதியிருந்தேன்.
"டீச்சர், இது விளக்கம்ங்க. நிரூபணம் இல்லைங்க."
"பத்து உதாரணம் சரியா வந்தா?"
"ஆயிரம் வந்தாலும்."
ஒரு கணக்கு கொடுத்தார். ஓர் எண், அதன் வர்க்கம், 41 — மூன்றையும் கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வருமா?

10.11.1985
ஊர் திரும்பும் வழியில் தொப்பூரில் லாரி கவிழ்ந்து, பஸ் மூன்று மணி நேரம் நகரவில்லை. நல்லதாய்ப் போயிற்று. 1 போட்டால் 43. 2 போட்டால் 47. பதினெட்டு வரை பார்த்துவிட்டேன், எல்லாம் பகா எண். அந்தப் பெண் என்னைச் சோதிக்கிறாளா?

13.11.1985
முப்பத்தொன்பது: 1601. இதுவும் பகா எண்.

14.11.1985
நாற்பது: 1681. அதாவது 41 × 41.
போச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.
வீட்டுக்காரர் மாரண்டஹள்ளி சந்தைக்குத் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். "மேல முப்பத்தொம்பது பழம் நல்லாருந்தா, அடியில கைய உட்டுப் பாக்காம எவன் எடுப்பான்? இதுக்கா நாலு நாளு, டீச்சரம்மா?"
உதாரணம் போதாது என்பதும் எனக்கு உதாரணத்தால்தான் புரிகிறது!

2.2.1986
'எந்த எண்ணை எடுத்தாலும்' என்று தொடங்கப் பழகுகிறேன். கை தானாக 'உதாரணமாக' என்று எழுதுகிறது. அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

22.4.1986
தேர்வு. கடைசி விடையில் இரண்டு பக்கம், ஓர் உதாரணம்கூட இல்லாமல் எழுதினேன். பயமா இருந்துச்சு — கெணத்துல காலு எட்டாத மாதிரி. ஆனால் மிதந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

19.7.1986
எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து உறையில் போட்டேன். பி.எஸ்ஸி. தேறிய ஆண்டு என்ற இடத்தில் 1986 என்று எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் பாலக்கோட்டில் தபாலில் சேர்ப்பதாக வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.
"அந்தக் கணக்குல நாப்பத்தொண்ணு போட்டா என்னா வருது?"
"போட்டுப் பாக்கவே வேணாங்க. நாப்பத்தொண்ணு, அதோட வர்க்கம், இன்னொரு நாப்பத்தொண்ணு. மூணுமே நாப்பத்தொண்ணால வகுபடும். அப்புறம் எப்புடிப் பகா எண்ணு வரும்?"
வாசற்படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.
"அட, ஆமா" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டார்.