திரும்பிப் போனவர்களின் நோட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவது என் வேலை, சாப்பிடுவது உன் வேலை. உன் அக்கா போன வாரம் பிள்ளைகளோடு வந்து போனாள், சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, ஆனாலும் வாய் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் கொஞ்சம் நீளமாக ஏதாவது ஆரம்பித்தால் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது, காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். எழுதினால் அழுதது உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்தின் டோக்கன் ஜன்னலில் நான் உட்கார்ந்து இந்த வருஷத்தோடு இருபத்தெட்டு வருஷம். காலை ஏழு மணிக்கு ஜன்னல் திறப்பேன், நூற்றிருபது டோக்கன், முதலில் வந்தவருக்கு முதலில், எட்டரைக்குள் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் பலகையைத் திருப்பி வைப்பேன். அதற்குப் பிறகு பெரிய அதிகாரியின் வீட்டம்மா வந்தாலும் "நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்ற ஒரே பதில்தான். உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்தபோது உன்னையும் அப்பாவோடு வரிசையில்தான் நிற்க வைத்தேன், அதைச் சொல்லி இன்றைக்கும் மானத்தை வாங்குகிறாய். ஊரில் எனக்குக் கறார் அக்கா என்று பேர். உண்மையைச் சொன்னால் அந்தப் பேர் எனக்கு உள்ளுக்குள் ரொம்பப் பிடிக்கும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்ற பேச்சு என் ஜன்னலில் கிடையாது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு புது நர்ஸ் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் மேற்கொண்டு விசாரிக்காதே. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள், வந்த இரண்டாம் நாளே எடை பார்க்கும் மெஷின் ஏன் மாடியில் இருக்கிறது என்று கேட்டாள், எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்றேன், "படி ஏற முடியாதவங்களுக்கு எடையே கிடையாதாக்கா?" என்றாள். மறுநாள் மெஷின் கீழே வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு அவள் கேள்வி சிஸ்டர். ஒருநாள் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டோக்கன் தீர்ந்த பிறகு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டாள். கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறேன், கொடுக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவளுக்குக் கோபமே வராது. "வாங்கினவங்க பேரை மட்டும் எழுதுற நோட்டுல வாங்காதவங்க எங்கக்கா இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திரும்பிப் போகிறவரின் பேர், தெரு, என்ன வேலை, என்ன உபாதை, நாலே கட்டம். எழுது என்று சொல்லிவிட்டால் எழுதுகிற கை என்னுடையது, உனக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஒருவரையும் விடாமல் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் அந்த நோட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்று நாற்பது பேர் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வரிசை வீடுகள், துப்புரவு வேலை, மூட்டை தூக்குகிற வேலை, சலவை ஆலை. அதே மூன்று வாரத்தில் டோக்கன் வாங்கினவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல், அதில் அந்தப் பக்கத்து ஆட்கள் முப்பத்தொன்று. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இவர்களுக்கெல்லாம் சோம்பல், சீக்கிரம் எழுந்து வந்தால் என்ன என்றேன். அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "கால்வாய்க்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்ற முதல் பஸ்ஸே இங்க எட்டே முக்காலுக்குத்தான் வரும். முப்பது வருஷம் அதுல நான்தானே டிக்கெட் கிழிச்சேன். என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. டோக்கன் எல்லோருக்கும் ஒன்றுதான், பஸ் ஒன்றில்லையே. கண்டக்டரையே கல்யாணம் செய்துகொண்டு பஸ் நேரம் தெரியாமல் இருபத்தெட்டு வருஷம் நியாயம் வழங்கியிருக்கிறேன் பார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. சிஸ்டர் அதோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சர்க்கரை நோயால் போன வருஷம் கால் எடுக்கப்பட்டவர்கள் எந்தெந்தத் தெரு என்று விசாரித்து வந்திருந்தாள். பாதிக்கு மேல் அதே வரிசை வீடுகள். "நம்மகிட்ட வர முடியாதவங்க எங்க போறாங்கன்னு பார்த்தேன்க்கா, கடைசியில அங்கதான் போறாங்க" என்றாள்.

அந்த நோட்டில் ஒரு பேர் மட்டும் ஆறு தடவை இருந்தது, துப்புரவு வேலை, காலில் புண். ஆறு தடவையும் என் கையெழுத்து, சுழித்து அழகாக. எனக்கு முகம் ஞாபகமில்லை, அந்த ஜன்னல் வழியாக எனக்குத் தெரிவதெல்லாம் கைகள்தான், குனிந்து பார்த்தால்தானே முகம் தெரியும். இந்த அம்மாவைத் தேடிப் போவோம் வாங்க என்று சிஸ்டர் என்னையும் இழுத்துக்கொண்டு துப்புரவுப் பணியாளர்களின் டெப்போவுக்குப் போனாள். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், சுவரோரம் துடைப்பமும் தள்ளுவண்டியும், உட்கார ஒரே ஒரு பெஞ்ச். பேரைச் சொன்னதும் பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தது யார் தெரியுமா, நம் விசிலக்கா. நீ பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் விசிலடித்துக்கொண்டே வண்டி தள்ளிக்கொண்டு வருவாரே, உனக்கும் சொல்லிக்கொடுத்து, நீ வகுப்பில் அடித்து வாத்தியாரிடம் மாட்டினாயே, அவரேதான். நம் வாசலை இருபது வருஷமாகப் பெருக்குகிறவரின் உண்மைப் பேர்கூடத் தெரியாமல், ஆறு தடவை அவரை எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேலை காலை ஐந்திலிருந்து ஒன்பதரை வரை, நடுவில் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு, வேலை முடிந்து கைரேகை வைத்துவிட்டு ஓடிவந்தால் என் பலகை திரும்பியிருக்கும். சிஸ்டர் மண் தரையில் அப்படியே உட்கார்ந்து அவருடைய ரப்பர் பூட்ஸைத் தன் கையால் கழற்றினாள். இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. "வலியே இல்லையேம்மா, வலிச்சாத்தானே பயப்படணும்" என்று விசிலக்கா சொன்னார். வலிக்காததுதான் ஆபத்து என்று சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே எழுந்து ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தாள், அவள் குரல் மட்டும் மாறவேயில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள், பத்து நாள் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். அந்தப் பத்து நாளும் சிஸ்டர் டியூட்டி முடிந்ததும் நேராக அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். நான் நாலு நாள் தைரியம் வராமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன், கட்டில் பக்கத்தில் நின்றதும் வாயில் வந்தது வேறு. நான்தான் ஜன்னலில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவரையே குற்றம் சொல்கிற மாதிரி கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "தெரியும்க்கா. தினம் தெருவுல பாக்குறவங்கதானேன்னு உள்ள விடச் சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க யாருக்கும் அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது, அதை நான் கெடுக்கவா?" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "மத்த எடத்துல விரட்டுவாங்கக்கா. நீங்க ஒரு நாளும் சத்தம் போட்டதில்ல. அதனாலதான் திரும்பத் திரும்ப உங்ககிட்டயே வந்தேன்" என்றார். என் கறாருக்காகத் தன் காலையே கொடுக்க இருந்தவர் எனக்கு நற்சான்று கொடுக்கிறார். வராந்தாவுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். பதினோராம் நாள் இரண்டு விரலை மட்டும் எடுத்தார்கள், கால் பிழைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பிழைத்திருக்காது என்று பெரிய டாக்டரே சொன்னாராம். தம்பி, அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்குத் தெரிந்து எத்தனையோ கெட்டிக்காரர்கள் இந்தக் கட்டிடத்துக்கு வந்து போயிருக்கிறார்கள், நோய் வந்தவரைப் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். வராதவரைத் தேடினவள் இவள் ஒருத்திதான்.

இப்போது எங்கள் டாக்டரம்மா மூன்று மாதத்துக்கு ஒரு புது ஏற்பாடு போட்டிருக்கிறார். நூற்றிருபதில் நாற்பது டோக்கன் ஒன்பதரைக்கு மேல்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை வாராவாரம் இல்லை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து. புதன்கிழமை டெப்போவில் பூட்ஸ் கழற்றுகிற நேரத்தில் சிஸ்டர் ஒவ்வொரு காலாகப் பார்க்கிறாள், நான் எழுதுகிறேன். சும்மா பிரஷர் பார்க்க வருகிறவர்கள் மத்தியானம் டோக்கன் இல்லாமலே வரலாம். இது எல்லோருக்கும் இனிக்குமா, நம் பக்கத்துத் தெரு பேங்க் மாமா, ஆறு மணிக்கே பையைப் போட்டு இடம் பிடிப்பாரே, அவர் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் வந்தவனுக்கு முதலில் என்பதுதானே தர்மம், நேர்மைக்குப் பேர் போன நீங்கள் கையெழுத்துப் போட்டால் எடுபடும் என்றார். நான் சொன்னேன், மாமா, நீங்கள் முதலில் வரவில்லை, பக்கத்தில் இருக்கிறீர்கள். விசிலக்கா காலை மூன்று மணிக்கு எழுந்து, பஸ் இல்லாத நேரத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே வந்து, நம் தெருவைப் பெருக்கி முடித்துவிட்டுத்தான் வருகிறார், நியாயமாகப் பார்த்தால் அவர்தான் முதலில் கிளம்பினவர். மாமா காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். ஜன்னலில் வெண்ணெய், சுண்ணாம்பு என்று என்னைப் பற்றியே பேச்சு கிளம்பியிருக்கிறது, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு நாள் வருத்தமாக இருந்தது, மறுநாள் பசித்தது, சாப்பிட்டேன். ஆனால் ஒன்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நேற்றும் அந்த நோட்டில் ஏழு பேர்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு விசிலக்கா வந்தார், விரல் எடுத்த காலுக்குத் தனியாகத் தைத்த செருப்பு போட்டுக்கொண்டு. இப்போதெல்லாம் நான் குனிந்து முகம் பார்க்கிறேன், அதனால் உடனே தெரிந்தது. எண்பத்தி நாலாம் நம்பர் டோக்கனைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் அங்கேயே நின்றார். என்னக்கா, போங்க, கூப்பிடுவாங்க என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையைக் குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காமல், "எந்தப் பக்கம் போகணும்க்கா?" என்று கேட்டார். இத்தனை தடவை வந்தவருக்கு டாக்டர் அறை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, என் ஜன்னலைத் தாண்டி அவர் ஒரு நாளும் உள்ளே வந்ததேயில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, வரிசை நிற்க நிற்க எழுந்து வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து அறை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, எனக்கு எல்லையில் நிற்கிறது, நீ இன்னும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. இந்த மாதமே பார்த்துவிட்டு எனக்குச் சொல். நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே, லீவு போட்டாலும் சம்பளம் வருகிற வேலை உன்னுடையது. நோய் நொடி அண்டாமல், நாலு பேருக்கு உதவுகிறவனாக நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா