நண்டுக்கு வாங்கிய சாராயம்

1934 ஏப்ரல் 9, திங்கள்

நாலாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு. நாற்பது பிள்ளைகளும் கத்தக் கத்த, நான் நண்டுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். குளச்சல் கரையில், அலை வடியும் மணலைத் தோண்டிப் பிடித்தவை. வயிற்றில் முட்டையோடு இருப்பவை. நல்ல சேகரிப்பாக அனுப்பினால் எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு இடம் தருவதாகச் சென்னைப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். அழுகாமல் ஊறவைக்கும் பார்மலின் தீர்ந்துவிட்டது. ஸ்பிரிட் வாங்கச் சர்க்கார் உத்தரவு வேண்டும், அதற்கு ஒரு மாதமாம். செத்த நண்டு ஒரு மாதம் காத்திருக்குமா? இரண்டு ஜாடி இன்றைக்கே நாறுகிறது. இந்த இடம் போனால் ஆயுசுக்கும் வாய்ப்பாடுதான்.

ஏப்ரல் 14

மீன்காரி ரீத்தாவிடம் சொல்லியிருந்தேன். கடவப் பெட்டியில் மீனுக்கு அடியில் வைத்து இரண்டு குப்பி சாராயம் கொண்டுவந்தாள். “நம்ம ஆம்பிளையளுக்கே தெகையல, நண்டுக்குமா டீச்சரே?” என்று சிரித்தாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஜாடிகளை நிரப்பி, மெழுகு வைத்து மூடி, பார்சல் அனுப்பிவிட்டேன்.

மே 3

இடம் கிடைத்துவிட்டது! இடம் கிடைத்துவிட்டது!

ஜூலை இரண்டாம் தேதிக்குள் சேர வேண்டும். பெண்கள் விடுதிக்குச் சபைப் போதகரின் நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமாம். அது பெரிய காரியமா?

மே 5, சனி

நாளைய திருவிருந்துக்கு இன்று ஆயத்த ஆராதனை. “மறைத்து வைத்ததை அறிக்கையிடுங்கள்” என்றார் ஜான்ரோஸ் போதகர். மனது உறுத்தியது. முடிந்ததும் அவரிடம் போய், நண்டுக்குச் சாராயம் வாங்கியதைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். கல்லூரியில் எத்தனை தவளை அறுத்தேன், இந்தப் பாடம் மட்டும் ஏறவில்லை.

மே 6

திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் என்னைத் தாண்டிப் போயின. பக்கத்தில் அம்மா அழுதாள்.

மே 13

சபைக் கமிட்டி. “சாராயம் வாங்கி வீட்டில் வைத்திருந்த பாவத்துக்கு மனம் வருந்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டால் பத்திரம் தருவார்களாம். நண்டு என்ற வார்த்தையைச் சேர்க்கக் கேட்டேன். “மகளே, பாவத்துக்கு விளக்கம் எதுக்கு?” என்றார் போதகர். கையெழுத்திட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா தலை குனிந்தே நடந்தார். கடைசியில், “ஒரு வார்த்தை மிண்டாம இருந்திருக்கலாமே, மக்கா” என்றார். நீங்கள்தானே அப்பா பொய் கூடாது என்று வளர்த்தீர்கள்?

மே 27

பத்திரம் வரவில்லை. எழுதினது போதாதாம், மதுவிலக்குக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஒரே ஒரு கூட்டம்.

ஜூன் 10

சொன்னேன். “என் வீட்டிலும் சாராயம் இருந்தது” என்று தொடங்கியதுமே பெண்கள் விம்ம ஆரம்பித்தார்கள். நண்டைப் பற்றிச் சொன்னபோது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முடிந்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அருமனைச் சபையிலும் கூப்பிடுகிறார்களாம்.

ஜூன் 24

அருமனை ஆயிற்று. இனி நெய்யூராம். “ஐயா, எனக்கு நாள் இல்ல” என்று கெஞ்சினேன். “கர்த்தருடைய வேலைக்கு நாள் பார்க்கலாமா?” என்கிறார். அட, பாவி மனுஷா! எம்புட்டு நாளு நான் இப்படி நிக்கணும்? பத்திரம் இல்லாமல் ஓடிப்போனால் விடுதியில் யார் கதவு திறப்பார்கள்?

ஜூலை 2

நெய்யூரில் பேசினேன்.

ஜூலை 16

பேராசிரியரின் கடிதம். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. நண்டுகள் மிக அருமையாம், அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொள்கிறார்களாம். எங்களில் நண்டுக்காவது இடம் கிடைத்ததே.

இதே தபாலில் நற்சாட்சிப் பத்திரமும் வந்தது.

அக்டோபர் 7, ஞாயிறு

களியக்காவிளையில் கூட்டம். நல்ல கூட்டம். பெண்கள் மதுவிலக்குச் சங்கத்துக்கு இப்போது நான் செயலாளர். நண்டைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்களுக்குக் குழப்பம் என்று போதகர் சொன்னதால், அதை விட்டுவிட்டேன்.

முடிந்ததும் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயில் சாராய வாடை. “நீங்க எத்தனை வருஷம் குடிச்சிய, டீச்சரே?” என்று கேட்டாள். தானும் விட்டுவிட முடியுமா என்பது என் பதிலில்தான் இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள்.

மூன்று வருஷம் என்றேன்.