ஐந்தாம் கியரும் எங்கள் கேற்றும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலை வெயில், பின்னேரம் மழை. காரை நவாஸ் நானாவின் கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

நாற்பது வருஷமாக எங்களிடம் இருக்கும் கார். ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்துத் துரை ஒருவர் தன் ஊருக்கே திரும்பும்போது விற்றது. ரெண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். பிள்ளை இல்லாத நமக்கு ரெண்டு சீட் போதும் என்று கமலாதான் சொன்னாள். இப்போது அவளுக்கு அதுவும் நினைவில்லை. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது.

மாதம் ஒருமுறை கண்டி கிளினிக். நாலு கியர்தான், பெரிய ரோட்டில் எஞ்ஜின் அலறும். போன மாதம் அக்குறணை வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐந்தாம் கியர் இருந்தால் அதே வேகத்துக்கு எஞ்ஜின் குறைவாகச் சுற்றும். சைக்கிளில் முன்பல்லுச் சக்கரத்தைப் பெரிதாக்கினால் கால் ஆறுதலாக மிதிக்குமே, அது போல.

நானாவிடம் உடைந்த ஜப்பான் கார் ஒன்றின் ஐந்து கியர் பொக்ஸ் இருக்கிறது. "இதப் போட்டா மாஸ்டர், அம்மா தொட்டில்ல ஈக்கிற மாதிரி போவாங்க."

ஒக்டோபர் 11, சனி

மழை. நாள் முழுக்க கராஜ். எஞ்ஜினையும் கியர் பொக்ஸையும் சேர்த்தே சங்கிலியில் தூக்கினோம். மிச்ச வேலை:

– எஞ்ஜினுக்கும் புதுசுக்கும் இடையில் அலுமினியத் தட்டு. லேத் கடை.
– கிளச் தட்டு வேறு
– பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட், ரெண்டு அங்குலம் வெட்டிக் குறைக்க
– கியர்க் கம்புக்குத் தரையில் ஓட்டை பெரிதாக்க
– கமலாவுக்குச் சவர்க்காரம், சீரகம்

நானா: "ஷாஃப்ட்ட வெட்டினா வெட்டினதுதான் மாஸ்டர். யோசிச்சிட்டு சொல்லுங்க."

"வெட்டுங்கோ" என்றேன். யோசிக்கவில்லை.

பழைய பொக்ஸைச் சாக்கில் சுற்றி மேசைக்குக் கீழே தள்ளினார்.

ஒக்டோபர் 18, சனி

முடிந்தது. ரிவர்ஸ் இப்போது வேறு பக்கம். கை மட்டும் பழைய பாடத்தையே ஒப்புவிக்கிறது. மற்றபடி பூனை போல ஓட்டம். சந்தோஷமாக வந்தேன்.

ஏற்றத்தில் ஏறி வந்தால் கேற் பூட்டு.

இத்தனை வருஷத்தில் நான் தனியே வரும்போது என் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் கார் நின்றது இதுதான் முதல் தடவை. ஹோர்ன் அடித்தேன். பகலில் கமலாவோடு இருக்கும் லெச்சுமி ஓடி வந்தாள். "அம்மா முன்னுக்குத்தான் ஒக்காந்திருக்காங்க சார். அசையவே இல்லீங்க. திருடன் மாதிரி சத்தமில்லாம வந்து நின்னா யாருக்குத் தெரியும்?" சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகுதான் விளங்கியது.

பழைய பொக்ஸின் முதல் கியருக்கு ஒரு ஊளை உண்டு. கீழ் வளைவிலேயே கேட்கும். ஹாண்ட் பிரேக் சரியில்லாத கார், ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருளும். அதனால் கார் வாங்கிய முதல் கிழமையே கமலா ஒரு வழக்கம் வைத்தாள். ஊளை கேட்டதும் கேற்றின் ரெண்டு கதவையும் திறந்துவிடுவாள், நான் நிற்காமல் உள்ளே வருவேன். அடுப்பு மறந்தது, பூசை மறந்தது, தங்கையின் முகம் மறந்தது. கேற் மறக்கவில்லை. காரைக் கராஜில் விடும் வரைக்கும் திறந்தாள்.

ஒன்றை மாற்றும்போது அதோடு எதெல்லாம் மாறும் என்று பாருங்கள். விஞ்ஞான பாடத்தில் முப்பத்தாறு வருஷம் இதைச் சொன்னவன் நான்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கிளினிக். மப்பு, மழையில்லை. ஐந்தாம் கியரில் கமலா கண்டி வரைக்கும் நித்திரை. தலை என் தோளில். டொக்டர் அதே குளிசைகள். கேட்டது கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வந்து கேற்றை நானே இறங்கித் திறந்தேன். அவள் காருக்குள் இருந்ததால் அது கணக்கில் சேராது.

ஒக்டோபர் 24, வெள்ளி

வளைவில் ஹோர்ன் அடித்துப் பார்த்தேன். மூன்று நாள், மூன்று விதமாக. வரவில்லை.

பின்னேரம் நான் பக்கத்து அறையில் பேப்பர் பார்க்கிறேன். கமலா லெச்சுமியிடம்: "இவர் இன்னும் வரேல்லை. ஸ்கூல் விட்டிருக்குமே."

மணிச் சத்தம் கேட்டாலே பழக்கிய நாய்க்கு எச்சில் ஊறும் என்று வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். இன்று அது நினைவுக்கு வந்தது. என் மனுசிக்கு அந்த உதாரணம் வேண்டாம்.

ஒக்டோபர் 25, சனி

கராஜ். பழையதையே போடச் சொன்னேன்.

"காய்ச்சலா மாஸ்டர்? நல்லா ஓடுற சாமான கழட்டவா?"

காரணம் சொன்னேன். நானா கையைத் துடைத்தார்.

"வெட்டினத நீட்டுறது லேசில்ல. நடுவுல குழாய் வச்சு ஒட்டணும். ஓடக்குள்ள ஆடும்."

"ஆடட்டும்."

"கண்டிக்குப் போறதுக்கு?"

"வாடகை வான்."

கமலாவுக்காகவா, எனக்காகவா? நானா இதைக் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

நவம்பர் 1, சனி

விடிய மழை, பிறகு வெளிச்சம். பி.ப. 3க்கு வேலை முடிந்தது. நானா என் கையைப் பிடித்து, "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

ஷாஃப்ட் ஆடுகிறது. சீட் எல்லாம் நடுக்கம். கீழ் வளைவில் முதல் கியர் போட்டேன். ஊளை. வீதியில் நின்ற ஆடு ஒதுங்கியது.

மேலே பார்க்கப் பயம். பார்த்தேன். கேற் திறந்திருந்தது. ரெண்டு கதவும். கமலா ஒரு கதவைப் பிடித்தபடி, தலைமயிர் கலைந்து, செருப்பில்லாமல்.

நிற்காமல் உள்ளே போனேன். இறங்கி அவளிடம் நடந்தேன். அவள் கேற்றைச் சாத்தவில்லை. வீதியையே பார்த்தாள். பிறகு என்னை.

"வாங்கோ தம்பி. இவர் வாற சத்தம் கேட்டது, அதுதான் திறந்தனான். உள்ள வந்து இருங்கோ, இப்ப வந்திடுவார்."

போய் இருந்தேன்.