மலர்விழிக்கு வந்த மெயில்

ஜூலை 3, புதன்

காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கியது. ஆனால் கேபிள்காரர் பக்கமும் கரண்ட் போனதால் நெட் இல்லை. "நெட்டு ஆகாசத்துலதான வருது, அதுக்கு எதுக்குங்க கரண்டு?" என்று ஒருத்தர் சட்டம் பேசினார். சேந்தமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்த ஆறு வருடமாக இதே பாடம் நடத்துகிறேன். கரண்ட் வேண்டும், ஒயர் வேண்டும், மோடம் வேண்டும். மெயிலுக்கு முகவரி வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், ஓடிபி வர செல் வேண்டும். கடைசி மூன்றும் இங்கே பாதிப் பேருக்கு என்னுடையவைதான். விண்ணப்பத்தில் என் மெயில், என் நம்பர். யாருக்கு எது வந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும்.

மலர்விழியும் அப்படித்தான் போட்டாள். ஒன்றுவிட்ட பெரியப்பா மகள். அவளுக்கென்று செல் கிடையாது. எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை போர் போடும் ரிக் வண்டிக்காரர் கதிர்வேல், பதினான்கு வயது மூத்தவர்.

ஜூலை 8, திங்கள்

மலர்விழி பாஸ். மெயில் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி மாலை ஆறு மணிக்குள் சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். தவறினால் வேலை இல்லை.

சொல்லத்தான் செல்லை எடுத்தேன். அவள் அம்மாவுக்குத்தான் கூப்பிட வேண்டும். சென்னம்மாள் பெரியம்மா என்ற பெயரைப் பார்த்ததும் தை மாதம் ஞாபகம் வந்தது. அவர்கள் மகன் கல்யாணம். சீர்த்தட்டோடு வரிசையில் நின்றேன். "புருசன் உட்டுட்டுப் போனவ முன்னால வர்றதா? தட்டக் கீழ வெய்யி மைதிலி" என்றார் பெரியம்மா. நூறு பேர் பார்த்தார்கள். வைத்தேன். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ஒரு நாள் தவிக்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 9, செவ்வாய்

வந்தாள். "ஏதாச்சும் வந்துச்சுங்களாக்கா?" "இல்ல சாமி." செல்லமாகச் சாமி வேறு போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ரிசல்ட்டை நேராகப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். சர்வர் டவுன் என்றேன். அதற்கு மேல் இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

அவள் சான்றிதழ்கள் ஏற்கெனவே ஸ்கேன் ஆகி என் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. பகல் முழுக்கத் தொடவில்லை. ஐந்து இருபதுக்கு என்னவோ ஆகிவிட்டது எனக்கு, அவள் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். ஓடிபி வந்தது. போட்டேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நாள் கூட்டம். சர்வர் நிஜமாகவே படுத்துவிட்டது. ஆறு மணி ஆகிவிட்டது.

யாருகிட்டப் போய்ச் சொல்றது? ஒரு வாரம் கையிலயே வெச்சிருந்தனே — நான் ஏன் இப்படிப் பண்ணுனேன்?

ஆகஸ்ட் 19, திங்கள்

பெரியம்மா மலர்விழி கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கே வந்தார். "எம்புள்ளைக்காக தெனமும் அந்தப் பொட்டியப் பாத்துட்டே இருந்தயாம். தையில நான் பேசுனத மனசுல வெச்சுக்காத சாமி. இந்தத் தடவ மொதத் தட்டு நீதான் எடுக்கோணும்." காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எடுத்தேன். தேங்காய், பழம், ராசிபுரத்துப் பட்டு. மணவறையிலிருந்து மலர்விழி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

கதிர்வேல் வண்டியோடு வடக்கே போகுமுன் மலர்விழிக்குப் புதுச் செல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தனக்கென்று ஒரு மெயில் வேண்டும் என்று வந்தாள். திறந்து கொடுத்தேன். நம்பர் அவளுடையது. அவள் பாஸ்வேர்டு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்த ஆபீசுக்கே ஒரு மெயில் போட்டுடறனுங்கக்கா. எனக்கு ஏன் ஒண்ணுமே வரலீன்னு கேக்கோணும்."

அவளே தட்டினாள். பரீட்சை எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகப் போட்டாள். சர்வர் டவுன் என்று வாய்வரை வந்தது. ஆனால் கரண்ட் இருந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெயில் போய்விட்டதாகத் திரையில் வந்தது. இனி பதில் அவள் செல்லுக்குத்தான் வரும்.

"வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேனுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.